திருஷ்டி அல்ல, அம்மோனியா

"வீட்டுக்கு வந்த கெடுதலை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." புதிதாக மீன்தொட்டி வைத்த வீட்டில் மூன்று வாரத்துக்குள் இதைச் சொல்ல ஒரு பெரியவர் வந்துவிடுவார். நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் இதைக் கேட்டிருக்கிறேன். மறுநாளே இன்னும் இரண்டு கோல்டு பிஷ் வரும். அவையும் அதே கெடுதலை வாங்கிக்கொள்ளும்.

கெடுதல் வந்தது உண்மைதான். ஆனால் அது வாசல் வழியாக வரவில்லை, மீனின் செவுள் வழியாக வந்தது. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுளிலிருந்தே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். குளத்தில் இதைத் தின்று நைட்ரைட்டாக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. நைட்ரைட்டும் விஷமே, ரத்தத்தில் கலந்து பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். புதுத்தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் அநேகமாக இல்லை. வேகமாகப் பெருகும் சாதாரண பாக்டீரியா சில அரை மணிக்குள் இரண்டாகும். இவை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால்தான் தொட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் என்கிறார்கள்.

இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளும் ஒரு நம்பிக்கையை வெகுகாலம் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரிந்தது. அதே இனத்தில் சில, இரண்டு வேலையையும் தனியாளாகவே முடித்துவிடும் என்பது 2015-இல்தான் வெளிவந்தது.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் என்ன?" அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. பளபளக்கும் தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள். மாறாக, முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தால் பயந்து முழுவதையும் கொட்டுகிறோம். அது வேறு வகை பாக்டீரியா பெருகுவது. பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைச் சடங்குதான் எல்லாவற்றிலும் மோசம். மீனை வாளியில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல்லைச் சோப்புத்தூளில் தேய்த்து, ஃபில்டர் ஸ்பான்ஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை அலசுவது. நல்ல நுண்ணுயிர்கள் தண்ணீரில் நீந்துவதில்லை. ஸ்பான்ஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. வாரம்தோறும் அவற்றைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டால் தொட்டிக்கு எப்போதும் முதல் நாள்தான். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பான்ஞ்சை இரண்டு முறை பிழியுங்கள். அது அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இனி நம்ம நெய்வேலித் தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். "பூமிக்கடியிலிருந்து வர்றது, குளோரின் இல்லை, அப்படியே ஊத்தலாம்" என்பது இங்கே கேட்கும் வாதம். ஆழத்து நீரில் பிராணவாயு குறைவு, கரியமில வாயு அதிகம் இருக்கக்கூடும். வாளியில் பழுப்புக் கறை படிந்தால் இரும்பும் உண்டு. தவிர, குழாய்க்கு வருமுன் குளோரின் கலந்திருக்கலாம். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரினும் போகும், வாயுக்களும் சமநிலைக்கு வரும். குளோரமின் கலந்த தண்ணீரானால் ஒரு நாள் வைப்பது பலிக்காது, ஆன்டி குளோரின் சொட்டு வேண்டும்.

கரியமில வாயு வெளியேறும்போது பி.எச். ஏறும் என்பதையும் கவனியுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் அம்மோனியாவில் கொடிய வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். டெஸ்ட் கிட் காட்டும் அளவு ஒன்றேதான், ஆனால் ஒரு தொட்டியில் மீன் துள்ளும், இன்னொன்றில் மிதக்கும். ஆகவே பி.எச்.சைக் குழாயடியில் அளக்காதீர்கள், மறுநாள் அளந்து பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் சூடேறினால் பிராணவாயு இன்னும் குறையும். ஏர் பம்ப்பை அணைக்க வேண்டாம்.

"கரி போட்டால் சுத்தமாகும்" என்பதற்கு இங்கே தனி மவுசு. ஃபில்டரில் போடும் செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) நிறத்தையும் நாற்றத்தையும் இழுக்கும், அம்மோனியாவைத் தொடாது. பழுப்பு நிலக்கரித் துண்டு அந்தக் கரியே அல்ல. அதைத் தொட்டியில் அழகுக்கு வைத்த ஒரு வீட்டையும் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம்.

ஆறு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லையா? பாலுக்கு உறை ஊற்றுவதுபோல ஒரு வழி உண்டு. மாதக்கணக்கில் நோயில்லாமல் ஓடும் தொட்டி பக்கத்து வீட்டில் இருந்தால், அதிலிருந்து ஒரு பழைய ஸ்பான்ஞ்சைக் கேட்டு வாங்குங்கள். அது காயக்கூடாது, அந்தத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் எடுத்துவந்து அன்றைக்கே உங்கள் ஃபில்டரில் மாட்டுங்கள். முதலில் இரண்டே கப்பி மீன், ஒரு சிட்டிகைத் தீனி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் பூஜ்யமாகவே நின்றால் மூன்றாவது மீன்.