ஸ்டிக்கர்தானே என்று நினைக்காதீர்கள்

அமெரிக்காவில் சொந்தக் கையால் விமானம் கட்டுவோர் ஏராளம். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி ரகம் மட்டுமே 11,000-க்கு மேல் பறந்திருக்கிறது. முழு உடலுக்கும் ஒரே நிறம் அடித்து, கோடுகளையும் படங்களையும் வினைலில் ஒட்டிக்கொள்வது அவர்களில் பலரின் வழக்கம். கடைசி ரிவெட்டையும் அடித்துவிட்டு, வினைல் சுருளோடு ஹேங்கரில் நிற்கும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. முதலில் பதிவெண். எழுத்தின் உயரம் 12 அங்குலம். வேகம் 180 நாட்ஸைத் தாண்டாத சொந்தக் கட்டு விமானமானால் 3 அங்குலம் போதும். அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கோட்டின் தடிமன் ஆறில் ஒரு பங்கு. அந்த எழுத்தில் பூவேலை கூடாது. ஏறும் வாசலருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல்லும் வேண்டும். இவற்றுக்குப் போக மிச்சமிருக்கும் இடம்தான் உங்கள் கற்பனைக்கு.

2. 'காஸ்ட்' வினைலையே வாங்குங்கள். உருளையில் நசுக்கி இழுத்துச் செய்யும் 'கேலண்டர்டு' மலிவுதான். ஆனால் வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ரிவெட் தலைமேல் படியவும் அடம்பிடிக்கும்.

3. வால்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் கண்ணுக்கு நேராகத் தெரியும் கோடு, பறக்கும்போது மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். வாலைத் தூக்கி முட்டுக்கொடுத்து, மட்டம் பார்த்த பிறகே லேசர் கோடு போடுங்கள். காகிதத்தில் முழு அளவு மாதிரி வெட்டி ஒட்டி, ஹேங்கருக்கு வெளியே போய் நின்று பாருங்கள். வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கட்டியவன் கண்ணுக்குக் கோணல் தெரியாது.

4. பிளேடை விமானத்தின் மேல் வைக்கவே கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் அரிப்பைத் தடுக்கும் மெல்லிய தூய அலுமினியப் பூச்சு உண்டு. கத்தி அதைக் கீறினால் அரிப்புக்கு வழி திறக்கும். அதிர்விலும் வளைவிலும் விரிசல் தொடங்குவதும் அந்தக் கீறலில்தான். மேலே வினைல் இருப்பதால் கண்ணுக்கும் படாது. மேசையில் வெட்டிக் கொண்டுவாருங்கள். விமானத்தின் மேலேயே வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உள்ளே நூல் வைத்த டேப் கிடைக்கிறது: அடியில் ஒட்டி, மேலே வினைலைப் போட்டு, நூலை இழுத்தால் வெட்டிக்கொண்டு வரும்.

5. எலிவேட்டர், ஏலரான், ரட்டர் மூன்றிலும் கையைக் கட்டுப்படுத்துங்கள். கீலுக்குப் பின்னால் கூடும் எடை சமநிலையைக் குலைக்கும்; வேகத்தில் அது ஃபிளட்டராக, அதாவது கட்டுக்கடங்காத படபடப்பாக, மாறினால் பாகமே பிய்ந்துபோகும். ஒட்டிய பிறகு சமநிலையைச் சோதித்து, வரைபடம் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. புதுப் பெயின்ட் முழுக்கக் காயட்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கிளம்பும் ஆவி கொப்புளமாக எழும். மற்றபடி சோப்புத் தண்ணீர், ஸ்க்வீஜி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. முடிவில் ஹீட் கன்.

7. ஓடு வேய்வதுபோல வாலிலிருந்து மூக்கை நோக்கி வாருங்கள். முன்துண்டு பின்துண்டின் மேல் ஏறினால் காற்று விளிம்பைக் கிளப்பாது. பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஇசட் போன்ற விமானங்களில் முன்சிறகின் முன்விளிம்பைத் தொடாதீர்கள்: வழுவழுப்பை நம்பிப் பறக்கும் சிறகு அது. ஃபோமும் எபாக்ஸியும் சேர்ந்த உடல் என்பதால் மேற்பரப்பில் கறுப்பும் வேண்டாம், வெயிலில் சூடேறிப் பிசின் இளகும்.

8. ஸ்டாட்டிக் துளை, எரிபொருள் மூடியைச் சுற்றிய இடம், வடிகால் ஓட்டைகள்: விலகியே இருங்கள்.

9. அலுத்துப்போனால் இதமாகச் சூடாக்கி, தாழ்ந்த கோணத்தில் மெல்ல உரியுங்கள். சுரண்ட பிளாஸ்டிக் மட்டும். தீச்சுவாலைப் படம் ஒட்டியவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கத்தான் திரும்பி வருகிறார்கள்.