மழைத்துளிக்கு வேக வரம்பு எது?

கேள்வி: பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிகள் ஆலைகளின் தகரக் கூரைகளைத் துளைக்காதது ஏன்? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: காற்றே இல்லாதிருந்தால், 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். ஆனால் துளியின் வேகம் கூடக்கூட அதை எதிர்க்கும் காற்றுத்தடையும், பெரிய துளிகளில் ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப, வளர்ந்துகொண்டே சென்று, இறுதியில் துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதன்பின் முடுக்கம் நின்று, துளி மாறா வேகத்தில் இறங்குகிறது; இவ்வேகமே முற்றுத் திசைவேகம் எனப்படுகிறது.

துளி பெருக்கும்போது அதன் எடை விட்டத்தின் மும்மடிக்கும், காற்றை எதிர்கொள்ளும் பரப்பு இருமடிக்கும் ஏற்பவே கூடுவதால், பெரிய துளிகள் விரைந்து விழுகின்றன. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 4 மீட்டரும், 5 மில்லிமீட்டர் துளி சுமார் 9 மீட்டரும், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர் அளவில், இறங்குகின்றன. இதனினும் பெருத்த துளிகள் காற்றழுத்தத்தால் அடிப்பக்கம் தட்டையாகிச் சிதறிவிடுவதால், வேகத்திற்கும் ஓர் உச்சவரம்பு அமைகிறது.

தாம்பரத்தில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோதும் துளிகள் இவ்வரம்பை மீறவில்லை. வெள்ளத்தை விளைவித்தது துளிகளின் வேகமன்று, அவற்றின் எண்ணிக்கையும் மழை நீடித்த நேரமுமே ஆகும்.