குடியை நிறுத்திய பிறகுதான் மனக்காயமா?

நம்பிக்கை: முதலில் போதைப் பழக்கம் முழுதாக நிற்கவேண்டும். பழைய மனக்காயத்தை அதன் பிறகே தொடவேண்டும்.

சிகிச்சை மையங்களிலேயே வெகுகாலம் நிலவிய கருத்து இது. பழைய நினைவுகளைக் கிளறினால் நோயாளி மறுபடி குடிக்கப் போய்விடுவார் என்ற பயமே இதற்குக் காரணம். ஆனால் பலர் குடிக்கத் தொடங்குவதே அந்த நினைவுகளிலிருந்து தப்பத்தான். குடியை விட்டதும் கெட்ட கனவுகளும் திடுக்கிட்டு விழிப்பதும் திரும்பி வரும். அவற்றை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பாட்டில்தான். இந்த நிலையில் ‘காத்திரு’ என்று சொல்வது அவரைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வு இந்தப் பயத்தைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, அஞ்சும் நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சையும் தரப்பட்டது. மற்றவர்களைவிட அவர்களுக்கு மனக்காய அறிகுறிகள் அதிகமாகக் குறைந்தன. போதைப் பயன்பாட்டில் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு இல்லை. பயந்தபடி அது கூடிவிடவும் இல்லை.

நம்பிக்கை: மனக்காயச் சிகிச்சை என்றால் நடந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

அவசியமில்லை. அமெரிக்க உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் உருவாக்கிய முறையில் 25 தலைப்புகள் உண்டு. உதவி கேட்பது, கோபத்தைக் கையாள்வது, தீங்கு செய்யும் உறவுகளுக்கு எல்லை வகுப்பது என எல்லாமே இன்றைய பாதுகாப்பைப் பற்றியவை.

நம்பிக்கை: முழுக்கவனப் பயிற்சி (mindfulness) மனத்தை வெறுமையாக்கும், ஆசையை அடக்கும்.

இதற்கு நேர்மாறானதைத்தான் அது கற்பிக்கிறது. வழக்கமாகக் குடிக்கும் மாலை வேளையில் வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் கடைப்பக்கம் திரும்புகிறது. அப்போது ஆசையோடு மல்லுக்கட்டாமல், அது உடம்பில் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கவனிக்கவேண்டும். ஆசை அலைபோல ஏறி, உச்சம் தொட்டு, தானே இறங்கும் என்றார் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட். அவர் வழிவந்த எட்டு வாரப் பயிற்சியை 286 பேரிடம் சோதித்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஓராண்டு முடிவில், மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் போதைப்பொருள் எடுத்த நாட்களும் மிதமிஞ்சிக் குடித்த நாட்களும் குறைவாக இருந்தன.

நம்பிக்கை: கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதால் யாருக்கும் தீங்கு வராது.

வன்முறைக்கு ஆளானவருக்கு வரலாம். கண்ணை மூடியதும் அதே அறை, அதே குரல் மீண்டும் எழுவதுண்டு. தேர்ந்த ஆலோசகர் கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்வார். மூச்சுக்குப் பதில், தரையில் பதிந்த பாதங்களைக் கவனிக்கச் செய்வார். இரண்டு நிமிடம் போதும் என்பார். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்த அறிவு இல்லாமல் பயிற்சியை மட்டும் தருவது பொறுப்பற்ற செயல். மனக்காயச் சிகிச்சையும் முழுக்கவனப் பயிற்சியும் கைகோக்க வேண்டியது இதனால்தான்.

நம்பிக்கை: இந்தச் சிகிச்சையும் பயிற்சியும் இருந்தால் மருந்து தேவையில்லை.

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். அந்த நாட்களில் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம். ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்குப் பூப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகள் உயிர் காப்பவை. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக்கூடாது. மனப்பயிற்சி மருந்தோடு சேர்ந்தே நடக்கலாம்.