மழைநீரும் மளிகைக்கடையும்: வணிகர்கள் அறிய வேண்டிய ஒரு பாடம்



சரக்கு வரவு, விலை நிலவரம், வரி விதிகள் ஆகியவற்றையே நம் இதழில் பெரும்பாலும் படித்து வருகிறோம். இந்த முறை சற்று வேறான ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். நம் கடை வாசலில் ஓடும் மழைநீர் எங்கே போகிறது, போகும்போது எதையெல்லாம் அள்ளிச் செல்கிறது, அதில் நம் பங்கு எவ்வளவு என்பதே அது. வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

தண்ணீர் போகும் வழி

உடுமலைக்குக் குடிநீர் திருமூர்த்தி அணையிலிருந்து வருகிறது. அது மலையடிவாரத்து நீர். ஆகவே, ஊருக்குள் நாம் கொட்டுவது நம் குடத்துக்குத் திரும்பி வராது என்ற ஒரு நிம்மதி நமக்கு இருக்கிறது. ஆனால் நமக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. நகருக்குள் பெய்யும் மழை, தெருச் சாக்கடை வழியாகத் தங்கம்மாள் ஓடை, கழுத்தறுத்தான் பள்ளம் போன்ற ஓடைகளுக்குப் போகிறது. இந்த வட்டாரத்து ஓடைகளும் பள்ளங்களும் உப்பாற்றையும் அமராவதியையும் தேடிப் போகின்றன. அமராவதி கரூர் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. போகும் வழியெல்லாம் கிணறுகள், தென்னந்தோப்புகள், கால்நடைகள். அந்தத் தோப்புக்காரர்தான் சந்தைக்கு வந்த நாளில் நம் கடையில் மாதச் சாமான் வாங்குகிறவர்.

பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களிலும் மழைநீர் வடிகால் என்பது தனி. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். மழைநீர் வடிகாலில் விழுந்தது எதுவும் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே ஓடைக்குப் போகும். இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

முதல் மழையின் குணம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் நம் ஊரில் எப்படி வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடை வாசலில் போட்ட கவர், சாக்குத் தூசி, வெங்காயச் சருகு எல்லாம் பறந்துபோய்ச் சாக்கடையில் அடையும். வெயில் காலம் முழுவதும் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு, வண்டி எண்ணெய், மண் எல்லாம் படிந்து கிடக்கும். அதன்மேல் பெய்யும் முதல் மழையில்தான் அழுக்கு மிக அதிகமாக இருக்கும். மழைநீர் சேகரிப்பில் முதல் மழையை வெளியே விட்டுவிடச் சொல்வதும் இதனால்தான். கடைக்குப் பின்னால் உள்ள சேகரிப்புக் குழியில் கழுவிய தண்ணீரை விடுகிறவர்கள் ஒன்றை உணர வேண்டும். அந்தக் குழி நேரே நிலத்தடி நீருக்குப் போகும் வாசல்.

நம் கடையிலிருந்து போகும் சரக்கு

கணக்குப் புத்தகத்தில் ஏறாத சரக்கு சில நம் கடையிலிருந்து தினமும் வெளியே போகின்றன. அவற்றை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது எண்ணெய். காலி டின்னைக் கழுவிய தண்ணீர், பீப்பாய் அடியில் சிந்தியது, பலகாரக் கடையில் காய்ந்த எண்ணெய் ஆகியவை சாக்கடையில் மண்ணோடு சேர்ந்து கட்டியாகிக் குழாயை அடைக்கும். ஓடையில் போனால் மேலே ஆடைபோல் படர்ந்து, காற்று தண்ணீரில் கலப்பதைத் தடுக்கும். ஒரு வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது கிடைக்கும் பழைய எண்ணெய் 10 லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்கும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது.

இரண்டாவது இனிப்பும் அழுகலும். உடைந்த வெல்லம், கெட்ட காய்கறி, கழிவு மாவு ஆகியவை தின்னும் பொருள்தானே, என்ன கெடுதல் என்று தோன்றும். ஆனால் அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் சாவதும், தண்ணீர் கறுத்து நாறுவதும் அதனால்தான்.

மூன்றாவது சோப்புத்தூள், பினாயில், பூச்சி மருந்து, உரம். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது எளிது. உரச்சத்து குளத்தில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழித்து வளரும். பூச்சி மருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்காவது பிளாஸ்டிக். ஒரு கடையில் நாளொன்றுக்கு 100 கவர் என்று வைத்துக் கொள்வோம். 200 கடைக்கு 20,000. மாதத்துக்கு 6 லட்சம். இதில் நூற்றுக்கு ஒன்று சாக்கடைக்குப் போனாலும் 6,000 கவர். ஒரு சாக்கடைக் குழாயை அடைக்க ஒரு கைப்பிடி போதும்.

நஷ்டம் யாருக்கு

சாக்கடை அடைத்தால் தண்ணீர் முதலில் ஏறுவது தாழ்வாக உள்ள கடைக்கும் கிடங்குக்கும்தான். அட்டி போட்ட சர்க்கரையிலும் அரிசியிலும் அடி மூட்டை நனைந்தால் அதைக் கொண்டவிலைக்கும் விற்க முடியாது. ஈரம் ஏறிய பருப்பில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் தேங்கிய தெருவில் வாடிக்கையாளர் கால் வைக்க மாட்டார். கொசு பெருகிக் காய்ச்சல் வந்தால், நம் கடைப் பையன்களுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் வேலை நாள் போகும். மொத்தத்தில், மிச்சப்படுத்திய ஐந்து நிமிட வேலைக்கு ஐந்து நாள் வியாபாரத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

கெட்டபின் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நொய்யலில் பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியதால் அந்த நீர் பயிருக்கு உதவாமல் போயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. தொழிலும் நின்றது, நிலமும் கெட்டது. நம்முடையது சாயக்கழிவு அல்ல, சிறு கழிவுதான். ஆனால் சிறு கழிவை ஆயிரம் கடை விடும்போது அது சிறியதாக இருப்பதில்லை.

சட்டமும் பிரசாரமும்

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதோடு விளம்பரமும் மாணவர் ஊர்வலமும் வீடுவீடாகச் சொல்வதும் சேர்ந்ததால்தான் அது மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பின்னர் பராமரிப்பை மறந்த இடங்களில் குழிகள் தூர்ந்து கிடக்கின்றன. ஒருமுறை சொல்லி நிறுத்திவிட்டால் பயனில்லை என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நீலகிரியில் 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாகு அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கம் நடந்தது. அங்குள்ள கடைக்காரர்கள் ஒத்துழைத்தார்கள். அதனால் அவர்கள் வியாபாரம் நின்றுவிடவில்லை. கோவையில் 2003-ல் தொடங்கிய சிறுதுளி அமைப்பு நொய்யலுக்காகவும் குளங்களுக்காகவும் பொதுமக்களைத் திரட்டியது. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. தடை வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் பிரசாரம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் 1987-ல் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் வடிகாலையும் அதற்குள் கொண்டு வந்தார்கள். 1999-ல் வந்த விதி, சிறு நகராட்சிகளும் மக்களுக்கு இதைப் பற்றிக் கற்பிப்பதைக் கடமையாக்கியது. பல ஊர்களில் சாக்கடை வாயருகே மீன் படம் வரைந்து, ‘இது ஆற்றுக்குப் போகிறது’ என்ற பொருளில் எழுதி வைக்கிறார்கள். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

“நான் மட்டும் நிறுத்தினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே” என்று சிலர் கேட்பது நியாயமான கேள்விதான். அதனால்தான் இதைத் தனிக் கடையாகச் செய்ய முடியாது. தெரு முழுவதும், முடிந்தால் தாலுகா முழுவதும், ஒரே நாளில் தொடங்க வேண்டும். அப்போது எவருக்கும் நஷ்டமில்லை. நாட்டில் இதற்குச் சங்கத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

நாம் செய்யக்கூடியவை

1. எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மரத்தூள் அல்லது உமியைப் போட்டு ஊறவிட்டுக் கூட்டி எடுத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

2. காலி டின்னைக் கழுவாமல், கவிழ்த்து வடியவிட்டு டின் வியாபாரியிடம் கொடுக்கலாம்.

3. காய்ந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்கும் திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் தொடங்கியது. நம்மிடம் சரக்கு வாங்கும் பலகாரக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

4. காலையில் வாசல் கூட்டிய குப்பையைச் சாக்கடைக்குள் தள்ளாமல் அள்ளிவிடக் கடைப் பையன்களுக்குப் பழக்க வேண்டும். சொன்னால் மட்டும் செய்ய மாட்டார்கள். கையில் முறத்தையும் கொடுக்க வேண்டும்.

5. உரம், பூச்சி மருந்து மூட்டைகளை மரக்கட்டை மேல், மழை படாத இடத்தில் அடுக்க வேண்டும். கிழிந்த மூட்டையை உடனே வேறு சாக்கில் மாற்ற வேண்டும்.

6. பை கொண்டுவரும் வாடிக்கையாளரை முதலில் கவனிப்பது என்ற வழக்கத்தைக் கடைப்பிடிக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

7. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாள் குறித்து, தளி ரோடு, பழனி ரோடு முதலாகக் கடைவீதிகளில் அவரவர் கடை முன் உள்ள வடிகால் வாயை அவரவரே சுத்தம் செய்வது. உள்ளே இறங்கும் வேலைக்கு ஆளை விடக் கூடாது. அது உயிர் போகும் வேலை. அதற்கு நகராட்சியின் இயந்திரத்தைத்தான் கேட்க வேண்டும்.

நகராட்சி வேலை நகராட்சிக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் நமக்கு உண்டு. நம் வாசலைச் சரியாக வைத்துக்கொண்டு கேட்டால் நம் பேச்சுக்கு எடை கூடும்.

இந்த ஏழு அம்சங்களையும் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறோம். ஏழையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாவிட்டால் முதலாவதையும் ஏழாவதையும் மட்டுமாவது இந்த மழைக்கு முன் தொடங்குவோம்.