இரு பாறைகளுக்கு நடுவே ஒரு படகு
இந்தோனேசியாவின் வெளிநாட்டுக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

‘அணிசேராமை’ என்றால் என்ன என்று கேட்டால், ‘எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியிருத்தல்’ என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். ஒரு தவணைப் பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன். அது பாதி விடைதான் என்பதை இந்தோனேசியாவைப் பற்றி வாசித்தபோதே விளங்கிக்கொண்டேன். முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் அதுவும் ஒன்று. சனத்தொகையில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த பெரிய ஜனநாயக நாடும் அதுவே.

சுதந்திரமும் செயலும்

இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17ஆந் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஆனால் ஒல்லாந்தர் திரும்பி வந்து போரிட்டனர். 1949 டிசம்பரிலேயே அவர்கள் அந்நாட்டின் இறைமையை ஏற்றுக்கொண்டனர். அப்போராட்டம் முடியுமுன்னரே, அமெரிக்காவின் பக்கமா சோவியத் ஒன்றியத்தின் பக்கமா என்ற கேள்வி நாட்டுக்குள் பிளவை உண்டாக்கியது. 1948 செப்டெம்பரில் முஹம்மத் ஹத்தா ஆற்றிய உரை இதற்கு விடையாக அமைந்தது. தம் நாட்டின் நிலையை இரு பாறைகளுக்கு நடுவே துடுப்பு வலிப்பதற்கு அவர் ஒப்பிட்டார். பிறருடைய போட்டியில் நாம் ஒரு கருவியாகிவிடக்கூடாது, நமது நிலைப்பாட்டை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இக்கொள்கைக்கு அவர்கள் இட்ட பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘சுதந்திரமானது’, மற்றது ‘செயலூக்கமானது’. நாம் முதற்சொல்லை மட்டும் மனனம் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறோம். துடுப்பு வலிக்காமல் சும்மா இருந்தால் படகு பாறையில்தான் மோதும்.

கொழும்பிலிருந்து பாண்டுங் வரை

இந்த வரலாற்றில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. 1954இல் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடினர். ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கு ஒரு மாநாடு வேண்டும் என்ற யோசனையை இந்தோனேசியப் பிரதமர் அலி சஸ்த்ரோஅமிஜோயோ அங்கு முன்வைத்தார். அதன் பயனாக 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் 29 நாடுகள் ஒன்றுகூடி, சமாதான சகவாழ்வுக்கான பத்துக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டன. பலஸ்தீன அரபு மக்களின் உரிமைகளுக்கும் அம்மாநாடு ஆதரவு தெரிவித்தது.

ஒரே கொள்கை, வேறு வேறு பாதைகள்

பெயர் மாறாவிட்டாலும் ஆட்சியாளரோடு நடைமுறை மாறியது. ஜனாதிபதி சுகர்ணோ 1963இல் மலேசியாவின் உருவாக்கத்தை எதிர்த்து மோதலில் இறங்கினார். 1965 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்தும் விலகினார். அவருக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த இராணுவத் தளபதி சுஹார்த்தோவின் கீழ் நாடு 1966இல் ஐ.நா.வுக்குத் திரும்பியது. 1967இல் ஐந்து நாடுகள் சேர்ந்து ஆசியான் அமைப்பை உருவாக்கியபோது அதில் ஒன்றாகவும் இருந்தது. ஆனால் அதே ஆண்டில் சீனாவுடனான இராஜதந்திர உறவு முடக்கப்பட்டது. 1990இலேயே அது மீண்டும் ஏற்பட்டது.

1975 டிசம்பரில் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் திமோருக்குள் புகுந்தன. குடியேற்றவாதத்துக்கு எதிராகப் பாண்டுங்கில் உலகைத் திரட்டிய நாடு, தனது சிறிய அயலவரை ஆக்கிரமித்தது. நல்ல கோட்பாடுகளை எழுதிவைத்தால் மட்டும் போதாது, அவற்றை மீறும் ஆட்சியைத் தட்டிக்கேட்க மக்களுக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மக்களின் குரல்

1998 மே மாதத்தில் மாணவர் போராட்டங்களுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் நடுவே சுஹார்த்தோ பதவி விலகினார். அடுத்த ஆண்டு நடந்த சர்வசன வாக்கெடுப்பில் வாக்களித்த கிழக்குத் திமோர் மக்களில் நூற்றுக்கு 78 பேருக்கும் மேற்பட்டோர் பிரிந்து செல்லும் முடிவை எடுத்தனர். வன்முறையும் பெருந் துயரமும் தொடர்ந்தன. எனினும் 2002இல் அது சுதந்திர நாடாயிற்று. திருத்தப்பட்ட அரசியலமைப்பின்படி, மக்களின் வாழ்வைப் பரந்தளவில் பாதிக்கும் சர்வதேச உடன்படிக்கைகளுக்குப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். 2004 முதல் ஜனாதிபதியையும் மக்களே நேரடியாகத் தெரிவு செய்கின்றனர்.

மக்கள் பேசத் தொடங்கியதும் வெளிநாட்டுக் கொள்கையிலும் அவர்களின் உணர்வு கலந்தது. இந்தோனேசியாவுக்கு இஸ்ரேலுடன் இராஜதந்திர உறவு இல்லை. 2023இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி அங்கு நடைபெறவிருந்தது. இஸ்ரேல் அணியின் வருகையைப் பாலி ஆளுநர் உட்படப் பலர் எதிர்த்தனர். பின்னர் பீஃபா அந்த வாய்ப்பை மீளப்பெற்றது. பல வருடங்கள் பயிற்சி செய்த இளம் வீரர்களின் கனவே அதற்கு விலையானது.

ஆனால் மக்களின் குரல் எப்போதும் கருணையின் குரலாக இருப்பதில்லை. 2020 ஜூனில் வட ஆச்சேயில் ரோஹிங்யாக்களின் படகொன்று தத்தளித்தபோது, அதிகாரிகள் தயங்கிய வேளையில் ஊர் மக்களே அவர்களைக் கரைசேர்த்தனர். 2023 டிசம்பரில் அதே ஆச்சே மாகாணத்தில் பல்கலைக்கழக மாணவர் கூட்டமொன்று ரோஹிங்யாக்கள் தங்கியிருந்த இடத்தினுள் புகுந்து அவர்களை அங்கிருந்து அகற்றியது. அங்கிருந்தோரில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அவர்களும் மாணவர்கள், நாமும் மாணவர்கள் என்ற நினைவு என்னை வெகுநேரம் உறுத்தியது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு நமது முல்லைத்தீவுக் கடலுக்கும் வந்தது. ஆகவே இக்கேள்வி நமக்கும் உரியதே.

இன்றைய நிலை

2022 மார்ச்சில் ரஷ்யா யுக்ரேனிலிருந்து விலகவேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இந்தோனேசியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளில் சேரவில்லை. ஜனாதிபதி ஜோகோ விடோடோ அவ்வாண்டு கீவ் நகருக்கும் மொஸ்கோவுக்கும் அடுத்தடுத்துச் சென்றார். நவம்பரில் பாலியில் ஜீ-20 மாநாட்டை நடத்திக் கூட்டறிக்கையும் பெற்றுக்கொடுத்தார்.

ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு அதிவேக ரயில் பாதை சீனாவின் உதவியுடன் அமைக்கப்பட்டது. அதேவேளை அமெரிக்காவுடன் கூட்டு இராணுவப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. சீனா தென்சீனக் கடலில் கோரும் எல்லை நத்துனாத் தீவுகளுக்கு அப்பாலுள்ள கடலையும் தொடுவதால், 2017இல் அப்பகுதிக்கு ‘வட நத்துனாக் கடல்’ என்று இந்தோனேசியா பெயரிட்டது. 2025 ஜனவரியில் பிரிக்ஸ் அமைப்பிலும் முழு அங்கத்துவம் பெற்றது. எல்லோருடனும் உறவு, எவருக்கும் அடிமையில்லை என்பதே இதன் நோக்கம். எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடும் ஆபத்தும் இதில் உண்டு.

முடிவுரை

இனி அணிசேராமைக்கு வரைவிலக்கணம் எழுதும்போது மூன்று விடயங்களைச் சேர்த்துக்கொள்வோம். அது ஒதுங்கியிருப்பதல்ல, சுயமாகத் தீர்மானித்துச் செயற்படுவது. ஆட்சி மாறும்போது அதன் பொருளும் மாறக்கூடியது. ஜனநாயகத்தில் அதன் திசையைத் தீர்மானிப்போரில் மக்களும் அடங்குவர்.

சில மாதங்களில் நம்மில் பலருக்கு வாக்குரிமை கிடைத்துவிடும். நமது நாடும் பெரிய வல்லரசுகளுக்கு நடுவே பயணிக்கும் சிறிய படகுதான். துடுப்பில் நமது கையும் இருக்கப்போகிறது. கரைதேடி வரும் இன்னொரு படகைக் கண்டால் நமது கை என்ன செய்யும் என்பதையும் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.