காசில் உள்ள ஆண்டைப் படிப்பது எப்படி?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும் வேளையில், நம் சங்க அன்பர் ஒருவர் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த வெள்ளிக் காசு ஒன்றை என்னிடம் காட்டினார். சங்கு முத்திரையும் 1118 என்ற எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. "பாருங்க சார், 1118! குலோத்துங்க சோழன் காலத்துக் காசு. பத்தாயிரம் கேட்கிறார், இரண்டாயிரம் முன்பணம் கொடுத்துட்டேன்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லைதான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அது நம் திருவிதாங்கூர் அரை ரூபாய். அன்பரின் தகப்பனார் சிறுவனாக இருந்தபோது கடைத்தெருவில் புழங்கிய காசு.

இப்படி ஏமாறுகிறவர்கள் பலர். நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பழைய பெட்டியைத் திறந்தால் இத்தகைய காசு ஒன்றிரண்டாவது கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதானே தமிழகத்தோடு சேர்ந்தது! ஆகவே அவற்றைப் படிக்கும் முறையைச் சற்று விளக்கலாம் என்று தோன்றியது.

காசில் உள்ளது கொல்லம் ஆண்டு. மலையாள ஆண்டு என்றும் சொல்வர். இக்கணக்கு கி.பி. 825இல் தொடங்குகிறது. ஏன் தொடங்கியது, யார் தொடங்கியது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கல்வெட்டுகளில் 'கொல்லம் தோன்றி இத்தனையாவது ஆண்டு' என்றே வரும். திருநெல்வேலிச் சீமையிலும் இது வழங்கியது. இன்றும் நம் பஞ்சாங்கங்களின் முதல் பக்கத்தில் இதைக் காணலாம்.

திருவிதாங்கூரில் இந்த ஆண்டு பிறப்பது சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில். (வட மலபாரில் கன்னி மாதத்தில் பிறக்கும், அது இங்கே நமக்கு வேண்டாம்.) ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை 825ஐக் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 825 என்று கூட்டுகிறவர்கள் ஒரு வருடம் தவறி விடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை வைத்தே சரிபார்க்கலாம். இங்குள்ள முதியவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்களே, அது 1099 கர்க்கடகத்தில் வந்தது. கர்க்கடகம் நம் ஆடி. 825ஐக் கூட்டினால் 1924 ஜூலை. ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27. துலாம் நம் ஐப்பசி; 824ஐக் கூட்டுங்கள், 1936 நவம்பர் 12 என்பதோடு பொருந்துகிறது. மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் 925 மகரத்தில். அது 1750 ஜனவரி.

காசில் மாதம் இராது. ஆகவே 1118 என்றால் 1942-43 என்று இரண்டு ஆண்டும் சேர்த்துச் சொல்வதே முறை. பட்டியல் நூல்கள் ஒரே ஆண்டைப் போட்டு விடுகின்றன. அதை அப்படியே நம்ப வேண்டாம். விசாகம் திருநாள் காலத்துப் பொற்காசில் 1057, 1881 என்ற இரண்டு எண்களும் சேர்ந்தே இருக்கின்றன. கணக்கில் ஐயம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

தன் கணக்கிலேயே ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் நம் மன்னர்களோடு நிற்கவில்லை. கொரியாவில் 1892ஆம் ஆண்டுக் காசில் 'நாடு நிறுவிய 501ஆம் ஆண்டு' என்றிருக்கும். அந்த அரச மரபு 1392இல் தொடங்கியது. மேவார் சமஸ்தான ரூபாயில் தேவநாகரி எண்ணில் 1985 என்று இருப்பதைப் பார்த்து நேற்று அடித்த காசு என்று நினைப்பவர் உண்டு. அது விக்கிரம ஆண்டு. 57ஐக் கழித்தால் 1928. ஹைதராபாத்துக் காசில் உள்ளதோ ஹிஜ்ரி. அது சந்திர ஆண்டாகையால் இப்படி ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ தீர்வு காண இயலாது. அந்த வகையில் நம் கொல்லம் ஆண்டு எளிது.

இனி அந்த 1118ஆம் ஆண்டுக்கு வருவோம். சோழர் காலத்தில் இந்த எண் வடிவங்களே இங்குக் கிடையாது என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். காசு சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவுடையது. அவர் பிறந்த நட்சத்திரத்தின் பெயரால் அதைச் சித்திரா அரை ரூபாய் என்றனர். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே அரை ரூபாய்க்குப் பதினான்கு சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம்! அந்த அரைச் சக்கரத்துக்காக எத்தனை கடைகளில் வாக்குவாதம் நடந்திருக்குமோ.

அது உலகப் போர்க் காலம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வருவது நின்றது. அரிசிக்கு அதை நம்பியிருந்த திருவிதாங்கூரில் மரச்சீனிக் கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. அந்தப் பஞ்ச ஆண்டில் கைமாறிய காசு இது.

தேதியே இல்லாத பழைய வெள்ளிச் சக்கரங்களைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கடுகு போன்ற அவற்றைக் குழிகள் வெட்டிய பலகையில் கொட்டித்தான் எண்ணுவார்கள். அவற்றில் ஆண்டு தேட வேண்டாம்.

அன்பர் மறுநாளே போய் முன்பணத்தைத் திரும்பக் கேட்டார். சற்று வாக்குவாதத்துக்குப் பின் கிடைத்தது. ஆனால் காசை விடவில்லை. வெள்ளி விலைக்கே பேசி வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தாராம். அவருடைய தாயார் பிறந்தது 1118 மாசி மாதம். "825தானே சார் கூட்டணும்?" என்று தொலைபேசியில் கேட்டார். ஆம், 1943.