செருகியே இருந்த நகல்

கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. இடியுடன் பெய்த மழையில் எங்கள் பள்ளி அலுவலகக் கணினி பழுதானது. "கவலைப்படாதீங்க சார், எல்லாத்துக்கும் நகல் இருக்கு" என்றேன் தலைமையாசிரியரிடம். நகல் இருந்த ஹார்டு டிஸ்க்கும் அதே கணினியில் செருகியபடியே இருந்தது. இரண்டும் சேர்ந்தே போயின.

எமிஸ் தளத்தில் ஏற்றிய விவரங்கள் அரசின் சர்வரில் பத்திரமாக இருந்தன. போனவை நாங்களே உருவாக்கியவை: ஆறு ஆண்டு வினாத்தாள்கள், மெல்லக் கற்போரின் முன்னேற்றப் பதிவுகள், அரியலூரிலிருந்து பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குச் சென்றபோது மாணவர்கள் எடுத்த படங்கள். "எங்க படம் எங்க சார்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் நன்கொடையாகக் கிடைத்த நாஸ் எனும் சேமிப்புப் பெட்டியை அலுவலக நெட்வொர்க்கில் இணைத்தோம். ஹைடெக் ஆய்வகக் கருவிகள் எதையும் தொடவில்லை. செய்த முறை இது:

1. பெட்டியைக் கணினி மேசையில் வைக்காமல் வேறு அறையில், யுபிஎஸ் இணைப்பில் வைத்தோம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம்.

2. கேபிளின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையை ரௌட்டரிலும் செருகினோம்.

3. ரௌட்டரில் பெட்டிக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கினோம். முகவரி மாறினால் கணினியால் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

4. பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தந்தோம். வெளியிலிருந்து இணையம் வழியாக நுழையும் வசதியை மூடினோம்.

5. தானாக நகலெடுக்கும் நேரத்தைப் பிற்பகல் 3 மணி என வைத்தோம். இரவு என வைத்தால் கணினி அணைந்திருக்கும், நகல் எடுக்காது.

பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள். இரண்டிலும் ஒரே பதிவு. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். ஆனால் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை போன்ற பணம்பறிக்கும் நிரல்கள் நெட்வொர்க் வழியாகவே அடுத்த கருவிக்குப் போகும். மின்னல் தாக்கமும் கேபிள் வழியே வரலாம். எனவே 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுகிறோம்: 3 பிரதிகள், 2 வகைக் கருவிகள், அவற்றில் 1 வேறிடத்தில். வெள்ளிதோறும் கடவுச்சொல் பூட்டுள்ள தனி டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி, எதிர்க் கட்டடத்துப் பீரோவில் வைக்கிறோம். மாணவர் விவரங்கள் இருப்பதால் பூட்டு அவசியம்.

மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து எடுத்து, வேறு கணினியில் திறந்து பார்க்கிறோம். முதல் சோதனையில் தமிழ் வினாத்தாள் திறந்தது; எழுத்துகள் புரியவில்லை. அந்தக் கணினியில் பழைய எழுத்துரு இல்லை! இப்போது யூனிகோடில் தட்டச்சு செய்கிறோம்.

இதை வகுப்பறைக் கணக்காகவும் தரலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 ஜிபி நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 8 பிட் ஒரு பைட். எனவே நொடிக்கு 12.5 எம்பி, 8,000 நொடிகள். அதாவது, குறைந்தது சுமார் இரண்டே கால் மணி நேரம்.

நாளை பள்ளிக்குப் போனதும் உங்கள் அலுவலகக் கணினியைப் பாருங்கள். நகல் டிஸ்க் அதிலேயே செருகியிருந்தால், முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.